மத்ரஸாவின் மின்வண்டியும் திருச்சிப் பயணமும்

நமது மத்ரஸாவுக்கு மின்சாரத்தில் ஓடும் சிறு சரக்கு வண்டி ஒன்று வாங்கப்பட்ட செய்தி நமதூரைத் தாண்டியும் பரவியிருக்கிறது போலும். அரிசி மண்டி வைத்திருப்பவர், விருந்துச் சமையல் எடுத்துச் செய்பவர், மீன் ஏற்றுபவர் எனச் சகோதரர்கள் பலர் தொலைபேசியில் அழைத்து, "ஹஜ்ரத், வாங்கலாமா, வேண்டாமா?" என்று ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். மார்க்கச் சட்டம் கேட்டு வரும் அழைப்புகளைவிட இவ்வழைப்புகள் இப்போது மிகுதி. ஒவ்வொருவரிடமும் பாதிப் பாதியாகச் சொன்னதை, நமது தவறுகளையும் சேர்த்து, இங்கே முழுமையாக எழுதிவிடுகிறோம்.

மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் இடைப்பட்ட ஊர் நம்முடையது. மத்ரஸாவில் தங்கி ஓதும் மாணவர்கள் 82 பேர். அவர்களுக்கான காய்கறிக்குக் காலையில் மன்னார்குடி. பிறகு அரிசி ஆலை, எரிவாயு உருளை. அக்கம்பக்கத்து மக்தபுகள் இரண்டிற்கு மதிய உணவு. அஸருக்குப் பின் பெரும்பாலும் திருவாரூர். எல்லாம் கூட்டினால் நாளொன்றுக்கு அறுபது கிலோமீட்டர் அளவில் வரும். இவ்வேலையைப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் செய்துவந்தது ஒரு டீசல் வண்டி. டாடா நிறுவனம் 2005இல் 'ஏஸ்' என்று பெயரிட்டுக் கொண்டுவந்து, நம் மக்கள் 'குட்டி யானை' என்று வேறு பெயரிட்டுக்கொண்ட அதே வண்டிதான். குறை சொல்வதற்கில்லை, வயதாகிவிட்டது, அவ்வளவே. காலையில் அதனை உறுமவிட்டுச் சூடேற்றும்போது எழும் புகை நேரே ஹிஃப்ழு வகுப்பின் சன்னலுக்குள் புகும். பிள்ளைகள் ஒரு கையால் மூக்கைப் பொத்தியபடி ஓதுவதைப் பார்த்த நாளில்தான் மின்வண்டி என்ற எண்ணம் நமக்கு எழுந்தது.

நிர்வாகக் கூட்டத்தில் எதிர்ப்பு ஒருவரிடமிருந்து மட்டுமே வந்தது. நமது பொருளாளர் அதிகம் பேசாதவர். அன்று அவர் கேட்டது ஒரே கேள்வி. "கஜா வந்தப்ப கரண்ட் எத்தனை நாள் இல்லைன்னு ஹஜ்ரத்துக்கு ஞாபகம் இருக்கா?"

யாருக்குத்தான் மறந்திருக்கும்? 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்த பின், திருவாரூர், நாகை, தஞ்சை மாவட்டங்களில் எத்தனையோ ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அந்நாட்களில் அந்தக் குட்டி யானைதான் குடிநீர்க் கேன்களையும், மத்ரஸா அடுப்பில் வடித்த சோற்றையும் சாதி மதம் பாராது தெருத் தெருவாகக் கொண்டு சென்றது. வாடகைக்கு ஜெனரேட்டர் ஏற்றி வந்து மேல்நிலைத் தொட்டியை நிரப்பியதும் அதுவே. மின்சாரமற்ற ஊரில் மின்வண்டி என்ன செய்யும் என்பது நியாயமான கேள்வி. நாமோ அதற்கு நேரான விடை கூறவில்லை. "புயல் நாளுக்கு நாள் வருவதில்லை" என்று சொல்லிக் கடந்துவிட்டோம். அத்தோடு நில்லாமல், "சென்னைக்கே இந்த வண்டியில் போய்வரலாம், வழியெல்லாம் சார்ஜர் வைத்துவிட்டார்கள்" என்றும் சொன்னோம். அந்தச் சொல்லை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

பணத்திற்கு வருவோம். வண்டி சாலைக்கு வரும்போது ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம் ஆயிற்று. இது நடந்தது 2023 டிசம்பரில். ஜகாத் பணத்தை வண்டி வாங்குவதற்குச் செலவிட வழியில்லை என்பதால், சிங்கப்பூரிலும் குவைத்திலும் இருக்கும் நமதூர்க்காரர்கள் இதற்கென்றே அனுப்பிய நன்கொடை ஆறு லட்சம் மட்டுமே கையில் இருந்தது. மீதிக்கு விற்பனையாளர் தவணைக் கடன் தயாராக வைத்திருந்தார். மின்வண்டி லாபமா நட்டமா என்று நாளிதழ்களிலும் யூடியூபிலும் போடப்படும் கணக்குகள் அனைத்தும் அந்தத் தவணையை வைத்தே போடப்படுகின்றன என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வட்டியை ஒதுக்கும் குடும்பத்திற்கு அக்கணக்கு உதவாது. ஓடும்போது செலவு குறைவு, வாங்கும்போது விலை மிகுதி என்பது இவ்வண்டிகளின் இயல்பு. அந்த மிகுதியை முழுவதும் முன்னதாகவே புரட்டியாக வேண்டும். ஜமாஅத்தில் எட்டுப் பேர் முன்வந்து மூன்று லட்சத்து நாற்பதாயிரத்தைக் கர்ழ் ஹஸனாகத் தந்தனர். அவர்களில் ஒருவர் தேநீர்க் கடை நடத்துபவர். ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இன்னொருவர், எதிர்த்த அதே பொருளாளர்.

கடனைத் தீர்க்கும் வழியாக நாம் காட்டியது டீசல் மிச்சத்தைத்தான். பழைய வண்டி லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் தரும். அறுபது கிலோமீட்டருக்கு நான்கு லிட்டர், லிட்டர் 93 ரூபாய் என்றால் 372. புதிய வண்டி அதே தூரத்திற்கு, ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, 14 யூனிட் கொள்ளும். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வைத்தால் 112. நாளைக்கு 260 மிச்சம், மாதம் 25 நாள் ஓட்டத்திற்கு 6,500. ஐம்பத்திரண்டு மாதங்களில் கடன் தீர்ந்துவிடும் என்று கரும்பலகையில் எழுதியே காட்டினோம்.

அன்றாட ஓட்டத்தைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு ஏறத்தாழப் பிசகாமல் நடந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வண்டி நிற்கும் கொட்டகையில் தனி வயர் இழுத்து, நல்ல எர்த் போட்டு, பதினைந்து ஆம்பியர் பவர் பிளக் ஒன்றை வைத்தோம். இஷாவுக்குப் பின் செருகினால் ஃபஜ்ருக்கு முன் நிறைந்துவிடும். வண்டி புறப்படும் ஓசையே ஹிஃப்ழு வகுப்பிற்குக் கேட்பதில்லை. நமது ஓட்டுநர் முப்பது ஆண்டுகளாகக் கிளட்ச் மிதித்தவர். முதல் வாரம் முழுவதும் அவரது இடக்கால் இல்லாத கிளட்சைத் தேடிக்கொண்டிருந்தது. இப்போது இடுப்பு வலி பாதியாகிவிட்டது என்கிறார். பக்ரீதில் சந்து சந்தாக நின்று நின்று குர்பானித் தோல் சேகரிக்கும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. டீசல் வண்டி நிற்கும்போதும் எரிக்கும். இது நின்றால் ஏறத்தாழ ஒன்றும் செலவழிப்பதில்லை. பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் செய்யும். டெல்டாவில் மேடு பள்ளம் இல்லாததும் நமக்கு வாய்த்த வசதி.

தவறு நேர்ந்தது ஷவ்வால் மாதத்தில். புதிய கல்வியாண்டிற்குச் சேர்ந்த மாணவர்களுக்காக இரும்புக் கட்டில்களும் இரண்டு பெரிய தேக்சாக்களும் வாங்கத் திருச்சிக்குப் போக வேண்டியிருந்தது. நமதூரிலிருந்து திருச்சி நூறு கிலோமீட்டருக்குச் சற்றே மேல். வண்டிக்கு 150க்கு மேல் ஓடும் என்று சான்றிதழே இருந்தது. ஓட்டுநரும் நாமும் ஃபஜ்ரு தொழுதுவிட்டுக் கிளம்பினோம்.

வெற்று வண்டியாகப் போகும்போது குறையொன்றும் இல்லை. திருச்சியில் 22 சதவீதத்துடன் இறங்கினோம். ஓர் உணவகத்தின் வாசலில் விரைவுச் சார்ஜர் இருந்தது. அங்கிருந்த காவலாளி, "சாமான் வண்டி உள்ள வரக்கூடாது, இது காருக்கு" என்று கையை நீட்டிவிட்டார். காருக்கும் நமது வண்டிக்கும் செருகி ஒன்றுதான் என்று ஓட்டுநர் விளக்கியும் பயனில்லை. உள்ளே சென்று இருவர் சாப்பாட்டிற்குப் பணம் கட்டிய சீட்டைக் காட்டிய பிறகே இடம் கிடைத்தது. நெடுஞ்சாலைகளில் உள்ள சார்ஜர்களுள் பல காரில் குடும்பத்தோடு வருவோரை எண்ணியே அமைக்கப்பட்டவை. சரக்கு ஏற்றுபவன் அங்கே விருந்தாளியாகப் பார்க்கப்படுவதில்லை. இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. எண்பது சதவீதத்திற்கு மேல் மிக மெதுவாகவே ஏறும் என்பதால் அதோடு எடுத்துவிட்டு, கட்டில்களை ஏற்றினோம். மொத்த எடை வண்டி தாங்கும் அளவிற்குள்தான் இருந்தது. ஆனால் கட்டில்கள் ஓட்டுநர் அறையைவிட இரண்டு முழம் உயர்ந்து நின்றன. எடை ஒரு பங்கு என்றால், நெடுஞ்சாலை வேகத்தில் அந்த உயரத்தில் மோதும் காற்று இன்னொரு பங்கு. தஞ்சாவூரை அடையும்போது மீதி 18 சதவீதம். அங்கே நாம் நம்பி வந்த சார்ஜரின் திரையில் வெளிச்சம் இருந்தது, மின்சாரம் வரவில்லை. உதவி எண்ணில் பேசியவர் ஒரு மணி நேரம் பொறுக்கச் சொன்னார். பொறுத்தோம். பிறகு இன்னொரு மணி நேரம் என்றார்.

போகிற வரை போவோம் என்று கிளம்பி, பத்துக் கிலோமீட்டர் தாண்டியிருப்போம். எட்டுச் சதவீதத்தில் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. சாலையோரத்தில் ஒரு பள்ளிவாசலின் மினாரா விளக்கு தெரிந்தது. இரவு ஒன்பதேகால் மணி. இஷா ஜமாஅத் முடிந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

முத்தவல்லி பக்கத்து வீட்டிலிருந்து கைலியோடு வந்தார். செய்தியைக் கேட்டதும் தயங்கவேயில்லை. "மோட்டார் ரூம்ல பவர் பிளக் இருக்கு ஹஜ்ரத், போட்டுக்குங்க" என்றார். செருகிய இரண்டாம் நிமிடம் ஃபியூஸ் போய், பள்ளிவாசல் முழுவதும் இருண்டது. ஹவுழுக்கு நீர் ஏற்றும் மோட்டாரும் குளிர்நீர்ப் பெட்டியும் அதே வயரில் இருந்தன. அவற்றை நிறுத்திவிட்டு, புதிய ஃபியூஸ் கம்பி கட்டிய பின் நின்றது. ஊர் போய்ச் சேர நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. அதற்கு நான்கு மணி நேரமாவது ஏற்ற வேண்டும்.

நாம் பயணிகளாதலால் இஷாவை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழுதோம். தொழுது முடித்து உட்கார்ந்திருக்கையில் ஒன்று மனத்தில் பட்டது. கஸ்ருக்கு உரிய தூரம் 48 மைல், அதாவது 77 கிலோமீட்டர் என்று நம் நாட்டு ஹனஃபி உலமாக்கள் கணக்கிடுவர். ஷாஃபிஈகளின் கணக்கும் அதையொட்டியே வரும். சுமையேற்றிய நமது வண்டியும் முழுச் சார்ஜில் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான் ஓடுகிறது. மனிதன் முஸாஃபிர் ஆகும் இடத்தில் வண்டி நின்றுவிடுகிறது. பிறகு மாணவர்களிடம் இதைச் சொன்னபோது, "அப்ப இது முகீம் வண்டி ஹஜ்ரத்" என்றான் ஒருவன். அந்தப் பெயரே இன்றுவரை நிலைத்துவிட்டது.

நள்ளிரவு தாண்டி ஒன்றேகால் மணிக்குப் புறப்படும்போது ஒரு சிறு வாக்குவாதம். பன்னிரண்டு யூனிட் ஏறியிருக்கும். முத்தவல்லியிடம் இருநூறு ரூபாயை நீட்டினோம். "செல்போன் சார்ஜ் போட்டா காசா கேப்போம்? நீங்க முஸாஃபிர்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அது பள்ளிவாசலுக்கு வக்ஃபான பணத்தில் கட்டப்படும் மின்சாரம். அவரது சொந்தப் பொருளாக இருந்தால் விருந்தாக ஏற்றிருப்போம் என்றோம். அவர் சற்று நேரம் யோசித்தார். பிறகு தூக்கக் கலக்கத்தோடு ரசீதுப் புத்தகத்தைத் தேடி எடுத்து, 'மின்சாரம், ரூ.200' என்று எழுதித் தந்தார். தேநீர் மட்டும் அவர் வீட்டுக் கணக்கு. அந்த ரசீது நமது கோப்பில் இருக்கிறது. இனி வரும் ஆண்டுகளில் இத்தகைய வண்டிகள் பெருகும்போது, பள்ளிவாசல்கள் இதற்கென்று தனி மீட்டரும் கட்டணமும் வைத்துக்கொள்வது நல்லது என்று தோன்றுகிறது. வழிப்போக்கனுக்கும் உதவியாகும், வக்ஃபும் குறையாது.

அடுத்த கூட்டத்தில் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். பொருளாளர் கஜாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பழைய வண்டியின் ஓட்டப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார், அவ்வளவுதான். கூட்டம் முடிவதற்குள் பக்கம் பக்கமாகப் புரட்டி எண்ணிவிட்டார். முந்தைய ஆண்டில் வண்டி ஓடிய நாட்கள் 297. அவற்றுள் எண்பது கிலோமீட்டரைத் தாண்டியவை 11. வாங்குவதற்கு முன்பே நாம் செய்திருக்க வேண்டிய வேலை இது. ரூபாயைக் கரும்பலகையில் எழுதியவர்கள், தூரத்தை எண்ணவில்லை.

வண்டியைப் பற்றி நாம் தாமதமாகப் புரிந்துகொண்டது இது. ஒரு லிட்டர் டீசலில் அடங்கியுள்ள ஆற்றல் ஏறக்குறைய பத்து யூனிட். நமது வண்டியின் பேட்டரி 21 யூனிட் கொள்ளும். அதாவது இரண்டு லிட்டர் டீசலுக்குச் சமம். மின்மோட்டார் அதை மூன்று மடங்கு திறமையாகப் பயன்படுத்துவதால், ஆறு ஏழு லிட்டர் மட்டும் பிடிக்கும் டாங்க் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் நிரப்பினால் அந்த ஏழு லிட்டர் மிக மலிவு. ஆனால் நிரப்ப ஓர் இரவு வேண்டும். ஏழு லிட்டர் டாங்கோடு சென்னைக்குப் புறப்பட எவரும் துணிய மாட்டார். பேட்டரியைப் பெரிதாக்கினால் தீராதா என்று கேட்கலாம். டெக்சாஸில் பணிபுரியும் நமதூர் இளைஞர் ஒருவர் ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் வைத்திருக்கிறார். அதன் பெரிய பேட்டரி 131 யூனிட். நம்முடையதைப் போல் ஆறு மடங்கு. முழுச் சார்ஜில் 320 மைல் என்று அந்நாட்டு அரசின் அளவீடே சொல்கிறது. அவரும் வேலைக்குப் போய்வர மகிழ்ச்சியோடு ஓட்டுகிறார். ஆனால் கனமான இழுவண்டியைப் பின்னால் பூட்டினால் எந்த மின் பிக்கப்பிலும் தூரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்கிறார். அளவு மாறினாலும் கதை மாறவில்லை.

ஆகவே அழைக்கும் சகோதரர்களிடம் நாம் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விகள்: வண்டி இரவு எங்கே நிற்கும்? ஓர் ஆண்டில் எத்தனை நாள் எண்பதைத் தாண்டும்? சொந்தக் கொட்டகையும் பவர் பிளக்கும் இருந்து, தினமும் தெரிந்த பாதையில் ஐம்பது, அறுபது, எழுபது ஓடுபவர் தயங்காமல் வாங்கலாம். அரிசி மண்டிக்காரருக்கு அப்படித்தான் சொன்னோம். நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு மீன் ஏற்றும் தம்பிக்கு வேண்டாம் என்றோம். சார்ஜருக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தால் ஐஸ் கரைந்துவிடும். நாளுக்கு இருபது கிலோமீட்டர்கூட ஓடாத ஒருவருக்கும் வேண்டாம் என்றே சொன்னோம். மிச்சப்படுத்த அவரிடம் டீசலே இல்லை.

நமது கணக்கு இன்னும் முடியவில்லை. பழைய வண்டியை விற்றுக் கடனைக் குறைப்பதா, அந்தப் பதினொரு நாட்களுக்காகவும் இன்னொரு கஜாவுக்காகவும் வைத்திருப்பதா என்று இரண்டு கூட்டங்கள் பேசினோம். வைத்திருந்தால் காப்பீடு, எஃப்.சி., அதற்கான பழுதுவேலை என ஆண்டுக்கு 36,000 போகிறது. 6,500 மிச்சம் 3,500 ஆகிவிடும். ஐம்பத்திரண்டு மாதக் கடன் எட்டு ஆண்டுக் கடனாகும். போதாக்குறைக்கு, 2025 ஜூனில் டாடா ஏஸ் புரோ மின்வண்டி ஆறரை லட்சத்தில் அறிமுகமாயிற்று. பதினெட்டு மாதம் பொறுத்திருந்தால் கடன் வாங்கும் தேவையே பெரிதாக இருந்திராது. பேட்டரி அதில் சிறியதுதான், ஆனால் முகீம் வண்டிக்கு அது போதும்.

வைத்திருப்பது என்றே முடிவாயிற்று. கடன் தந்த எட்டுப் பேரின் வீடுகளுக்கும் நாமே நேரில் சென்று, சொன்ன தவணைக்குள் தர இயலாது என்று கூறி அவகாசம் கேட்டோம். கரும்பலகையில் எழுதியது நமது கை. ஆகவே அந்தப் படிகளையும் நாமே ஏற வேண்டியிருந்தது. ஏழு பேர் ஒப்புக்கொண்டனர். ஓய்வுபெற்ற ஆசிரியர் மட்டும் மகளின் நிகாஹ் வைத்திருப்பதால் தமது நாற்பதாயிரம் தேவைப்படுவதாக, மிகுந்த சங்கடத்தோடு சொன்னார். சங்கடப்பட வேண்டியவர் அவரல்லர். அந்தத் தொகையை அன்று மாலையே பொருளாளர் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். தமது பெயரில் உள்ள கடன் தொகையை ஏட்டில் கூட்டி எழுதிக்கொண்டார், மறுபேச்சு பேசவில்லை.

இப்போது திருச்சி, தஞ்சைப் பயணங்களைச் சேர்த்துச் சேர்த்துப் பதினொன்றை ஆறாகக் குறைத்திருக்கிறோம். கும்பகோணம் வரை முகீம் வண்டி போகிறது. அதற்கு அப்பால் குட்டி யானை. மற்ற நாட்களில் அது கொட்டகையின் மறுமூலையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆவுக்கு முன், ஹிஃப்ழு வகுப்பு விடுமுறையாக இருக்கும் வேளை பார்த்து, ஓட்டுநர் அதனை ஐந்து நிமிடம் ஓடவிடுகிறார். விட்டுவிட்டால் அதன் பேட்டரி இறங்கிவிடுமாம்.